அரை மாத்திரை

காலை. அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்: “ஏங்க, இன்னைக்கு அவரைக்காய் எல்லாம் நல்ல பிஞ்சா இருக்கு.” நான் பேப்பரில் இருந்தேன். “ம்” என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

காய் பிஞ்சா முற்றலா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இருந்தும் சொல்கிறாள். கையில் கிடைத்த சின்ன சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்தாள் என்பது மதியத்துக்கு மேல்தான் உறைத்தது.

*

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைக் கவனித்தார். ஒருவர் இப்படி ஏதாவது சொல்லும்போது மற்றவர் எத்தனை முறை முகம் கொடுத்தார் என்று கணக்கெடுத்தார். ஆறு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தே இருந்தவர்கள், அன்று நூற்றுக்கு 86 முறை முகம் கொடுத்தவர்கள். பிரிந்து போனவர்கள், 33 முறை.

பிரிந்தவர்களும் மூன்றில் ஒரு முறை திரும்பித்தான் இருக்கிறார்கள். அதுதான் மனதைப் பிசைகிறது. திரும்பாத மற்ற இரண்டும் அன்றன்றைக்கு ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது.

*

குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாட்டு. தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள் ஒரு புதுப்பெண். நன்றாயிருக்கிறது என்று கணவன் உண்கிறான். அவள் முகத்தில் நுட்பமான ஒரு மலர்ச்சி.

அதைப் பார்த்து வந்து சொல்பவள் செவிலித்தாய். அவன் பார்த்தானா என்று பாட்டில் இல்லை. கல்யாணமான புதிதில் யாரும் பார்ப்பார்கள். எங்களுக்கு இது 31ஆவது வருஷம். தட்டிலிருந்து கண்ணை நிமிர்த்த வேண்டியது இப்போதுதான்.

*

மகன் வேலைக்கு வெளியூர் போன வருஷம் எங்களுக்குள் சண்டையே இல்லை. கேஸ் புக் பண்ணியாச்சா, பால்காரருக்குக் கொடுத்தாச்சா, அவ்வளவுதான் பேச்சு. அதை நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

வள்ளுவர் காமத்துப்பாலை முடிப்பது 133ஆம் அதிகாரத்தில், ஊடலுவகையில். முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கும் எதிரில் ஒரு முகம் வேண்டும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அதுகூட இல்லை.

*

பள்ளியில் படித்த இலக்கணம்: கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. ஒற்றெழுத்துக்கு அதில் பாதி. “ம்” என்பதைப் பேப்பரைப் பார்த்துக்கொண்டும் சொல்லலாம், அவளைப் பார்த்தும் சொல்லலாம். இரண்டுக்கும் அதே அரை மாத்திரைதான்.

*

சாயங்காலம். “துளசி வாடியிருக்கு, பாத்தீங்களா?” என்றாள்.

“ம்” என்றேன், எழுந்துகொண்டே.

அவள் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். காய்ந்த மண் உறிஞ்சும் சத்தம் மெல்லக் கேட்டது. அது அடங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.