இரண்டு மீட்டர்கள்

என் முன்னாள் மேலாளர் ஓய்வுபெற்ற கையோடு ஒரு சொகுசுப் படகு வாங்கக் கிளம்பினார். 40 அடி நீளம். இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை. டீசல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வகை. ஏற்கெனவே ஒருவர் 5 வருடம் வைத்திருந்தது. மியூனிக்வாசிகளுக்குப் பக்கத்துக் கடல் என்றால் ஏட்ரியாடிக்தான். ஸ்லோவேனியாவின் போர்ட்டொரோஷ் படகுத்துறையில் அது விற்பனைக்கு நின்றது. "நீ பேட்டரிக்காரன். வந்து பார்த்துட்டு, நல்லதா இல்லையான்னு மட்டும் சொல்லு" என்றார். ஜெர்மனில்தான் சொன்னார். தமிழைப் போலவே ஜெர்மனிலும் 'நல்லது' என்றால் இரண்டு அர்த்தம் உண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உள்ளே போனதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்தபடியே நாலு பக்கமும் கடல் தெரிகிற கண்ணாடிகள். கூரை முழுக்க சோலார் தகடுகள். ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி எல்லாம் பேட்டரியில் ஓடும். சாதாரணப் படகில் நங்கூரம் போட்ட பிறகும் இதற்காக ஜெனரேட்டரை ஓடவிட வேண்டும். ராத்திரியெல்லாம் அது உறுமிக்கொண்டிருந்தால் பக்கத்துப் படகில் இருப்பவனும் தூங்க முடியாது. இதில் அந்தத் தொல்லை இல்லை. சௌகரியத்துக்கு நான் போட்ட மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இந்த அமைதிக்குத்தான்.

தரகர் மின்மோட்டாரிலேயே படகைத் துறையிலிருந்து வெளியே எடுத்தார். 4 நாட் வேகம், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம். அடியில் தண்ணீர் உரசிப்போகும் சத்தம் கேட்டது. கரையில் யாரோ நாயைக் கூப்பிடுவதும் கேட்டது. திரையில் 5 கிலோவாட் என்று காட்டியது. பேட்டரியின் கொள்ளளவு 20 கிலோவாட்-மணி. அடிவரை இறக்கக் கூடாது என்பதால் 16 என்று வைத்துக்கொண்டால், 3 மணி நேரம் ஓடும். 12 கடல்மைல். பிறகு டீசலுக்கு மாற்றி 16 நாட் வரை ஏற்றினார். முன்பக்கம் தூக்கிக்கொண்டது. எங்கள் பேச்சு நின்றது. இப்போது மணிக்கு 55 லிட்டர்.

எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. இது தண்ணீரின் குணம். நகரும்போது படகு தானே ஓர் அலையை எழுப்பிக்கொள்கிறது. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருகிற நாட் வேகம்வரை அந்த அலையோடு அது ஒத்துப்போகும். இந்தப் படகுக்கு அந்த நீளம் 36 அடி. ஆக, சுமார் 8 நாட். அதைத் தாண்ட வேண்டுமென்றால் தன் அலைமேல் தானே ஏற வேண்டும், தேவைப்படும் சக்தி கிடுகிடுவென்று கூடும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் படகைத் தள்ளும். அப்படிக் கணக்குப் போட்டால், 16 நாட் வேகத்தில் இந்த பேட்டரி தாங்குவது ஐந்தாறு நிமிடம். அதுவும் அவ்வளவு சக்தி தரக்கூடிய மின்மோட்டார் இருந்தால்.

முழுக்க மின்சாரத்தில் ஓடும் படகுகளும் கிடைக்கின்றன. 80 கிலோவாட்-மணி பேட்டரி வைத்த ஒன்றை, படகுத்துறையின் சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் நிரம்ப 22 மணி நேரம் ஆகும். பகலில் கரையோரம் சுற்றிவிட்டு ராத்திரி அதே துறைக்குத் திரும்புகிறவருக்கு அது சரி. தீவு தீவாகப் போகிறவருக்கு ஹைபிரிட். அவசரமாகப் போகிறவருக்கு இரண்டுமே ஒத்துவராது.

இதோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். எஞ்சின் அறையில் குனிந்தபோதுதான் அந்த இரண்டு மீட்டர்களைப் பார்த்தேன். டீசல் ஓடிய மணி: 412. மின்மோட்டார் ஓடிய மணி: 19.

ஐந்து வருடத்தில் 19 மணி! துறையை விட்டு வெளியே வரவும் திரும்ப உள்ளே நுழையவும் மட்டும் பயன்பட்டிருக்கும். பழைய சொந்தக்காரர் பொய்யர் என்று நான் நினைக்கவில்லை. கூடுதல் பணம் கொடுத்துத்தான் ஹைபிரிட்டை வாங்கியிருக்கிறார். விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார், அந்தப் பெருமையில் உண்மையும் இருந்திருக்கும். ஆனால் வாங்கிய நாளோடு அவர் மனசாட்சி அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் எடுக்கவே இல்லை.

நம் ஊரில் பரிகாரம் என்று ஒன்று இருக்கிறது. அதில்கூட ஒன்பது வாரம் போய் விளக்கேற்று என்பார்கள். வாராவாரம் காலையில் எழுந்து நடந்தாக வேண்டும். இங்கே பில் போடும்போதே பரிகாரம் முடிந்துவிடுகிறது. இதைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பதினாலு துணிப்பைகள் தொங்குகின்றன. வருடத்துக்கு இரண்டு முறை திருச்சிக்குப் பறக்கிறவனும் நான்தான்.

காரில் திரும்பும்போது 412க்கு 19 என்ற கணக்கை அவரிடம் சொன்னேன். கொஞ்சம் உரசல் வந்தது. "என்னை மாதிரி ஆளுங்க வாங்கினாத்தானே விலை இறங்கும்? அப்புறம் எல்லாருக்கும் கிடைக்கும்" என்றார். ஒதுக்கித் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. கைபேசி அப்படித்தான் நம்மிடம் வந்தது. ஆனால் படகுகளின் கதை வேறு. நார்வேயில் 2015இல் ஓடத் தொடங்கிய 'ஆம்பியர்', கார்களை ஏற்றிச்செல்லும் மின்படகு. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017இல் வந்த 'ஆதித்யா', 75 பேர் போகும் சூரியசக்திப் படகு. இரண்டுமே ஊரார் தினமும் ஏறி இறங்குகிற படகுகள். பணக்காரர் ஆசைப்பட்டு வாங்கி, பிறகு மெதுவாக மற்றவர்களுக்குக் கசிந்து வந்தவை அல்ல.

சால்ஸ்பர்க் வந்தபோது எனக்கு க்யோனிக்ஸே ஞாபகம் வந்தது. அங்கிருந்து பக்கம்தான், பவேரியாவின் மூலையில் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஏரி. அங்கே 1909 முதல் பயணிகள் படகுகள் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. எஞ்சின் சத்தத்தில் வேட்டை மிருகங்கள் மிரளக் கூடாது என்று அன்றைய பவேரிய ஆட்சியாளர் லூயிட்போல்ட் விரும்பியதுதான் காரணம் என்பார்கள். யோசித்தால் வேடிக்கை. ஒரு வேட்டைக்காரரின் சுயநலம், நூறு வருடத்துக்கும் மேலாக அந்த ஏரியைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கே படகோட்டியோ பயணியோ நல்லவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, விதி பார்த்துக்கொள்கிறது. திறந்த கடலில் அப்படி ஒரு விதி இல்லை. ஹைபிரிட் படகில் ஒவ்வொரு முறையும் கை வைக்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். தொழில்நுட்பம் கொடுப்பது வாய்ப்பை மட்டும்தான். நாம் அதையே அறமாக எண்ணிக்கொள்கிறோம்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பேட்டரி, சோலார் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை பேரு போவாங்க அதுல?" என்றாள்.

"ரெண்டு பேரும்மா. அவரும் அவர் மனைவியும்."

"ரெண்டு பேருக்கா?" அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சுக்குப் போய்விட்டாள்.

எங்கள் மதிப்பீட்டுப் பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை. வருடத்தில் சில வாரம் ஓடி, மிச்ச நாளெல்லாம் துறையில் கட்டிக்கிடக்கும் பொருள். ஆயுள் முடிந்தபின் எளிதில் மறுசுழற்சி செய்ய முடியாத கண்ணாடியிழை உடம்பு. எந்த மோட்டாரை மாட்டினாலும் இவை மாறப்போவதில்லை. எப்படி ஓடுகிறது என்பதற்குப் பொறியாளனிடம் பதில் உண்டு. எவ்வளவு வேண்டும் என்பதற்கு இல்லை.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: "பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. இது மெதுவாகப் போக வேண்டிய படகு. அப்படிப் போவீர்கள் என்றால் வாங்கலாம். 16 நாட் வேண்டுமென்றால் சாதாரண டீசல் படகையே வாங்குங்கள். விலையும் குறைவு, எடையும் குறைவு, உங்களிடமே பொய் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்." கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அழித்து மறுபடி எழுதினேன். மூன்று வாரம் அவரிடமிருந்து பதிலே இல்லை. ஒரு நல்ல உறவைக் கெடுத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

ஆனால் வாங்கிவிட்டார். செப்டம்பரில், நான் கேட்காமலே ஒரு படம் அனுப்பினார். எஞ்சின் அறையின் இரண்டு மீட்டர்கள். டீசல் 431. மின்மோட்டார் 52. கீழே, "பாஸா?" என்று ஒரு வார்த்தை.

அம்மாவின் கேள்வியை அவரிடம் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. கணினியில் பொங்கலுக்கான விமான டிக்கெட் பக்கம் திறந்திருந்தது. திருப்பிக் கேட்க அவருக்கும் நிறைய இருக்கும். "33 மணி நேரம் மின்மோட்டார்லயே எங்கதான் போனீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கேயும் போகலை. அந்த விரிகுடாவுக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்தோம்" என்று பதில் வந்தது.