விண்மீன் பார்த்த வாரம்



திருக்காட்சிப் பெருவிழாவின் மரபு நாள் ஜனவரி 6. 1986-இல் அதே நாளில்தான் பிரதமர் ராஜீவ் காந்தி நம் ஜவ்வாது மலைக்கு வந்து, காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விண்மீனைப் பார்த்து நடந்த ஞானியரின் திருநாளில் இது நடந்ததைத் தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இருட்டும் தெளிவான வானமும் தேடி இந்த மலையைத் தேர்ந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1968-இல் இங்கே ஒரு சிறு தொலைநோக்கியோடு தொடங்கினார். பெரியதை நம் நாட்டிலேயே செய்து நிறுத்த வேண்டும் என்பது அவர் கனவு. 1982-இல் இறந்துவிட்டார். வாக்களிக்கப்பட்ட நாட்டை நேபோ மலையில் நின்று பார்க்க மட்டுமே முடிந்த மோசேயைப் போல, உழைத்தவர் உள்ளே நுழையவில்லை. தொலைநோக்கிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

இதே வாரத்தில், 1610 ஜனவரி 7 இரவு, நம் அந்தோணியார் அடங்கியிருக்கும் பதுவா நகரில் கலிலேயோ வியாழனைப் பார்த்தார். பக்கத்தில் மூன்று ஒளிப்புள்ளிகள், ஒரே வரிசையில். மறுநாள் இடம் மாறியிருந்தன. 13-ஆம் தேதிக்குள் நான்காவதும் தெரிந்தது. அவை வியாழனின் நிலவுகள். அவற்றில் ஒன்றான கனிமீடு 1972 ஜூன் 7 அன்று ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததைக் காவலூரிலிருந்தும் அளந்தார்கள். அந்த நிலவுக்கு மெல்லிய காற்றுப்படலம் உண்டு என்றார்கள். நம் மலையிலிருந்து!

கலிலேயோவை 1633-இல் திருச்சபை தண்டித்தது. அது தவறு என்று 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்றுக்கொண்டார். இதைப் பீடத்தில் நின்றே சொல்ல வேண்டும்.

இன்றைய நற்செய்தியைப் பாருங்கள். மெசியா பிறக்கும் ஊர் பெத்லகேம் என்று மறைநூல் அறிஞர்கள் ஏரோது அரசனிடம் சரியாகச் சொன்னார்கள். எருசலேமிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர்கூடக் கிளம்பியதாக மத்தேயு எழுதவில்லை. எங்கிருந்தோ வந்த ஞானியர்தான் போய் வணங்கினார்கள்.

காவலூரும் நமக்குப் பக்கம்தான். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் எட்டாம் வகுப்போடு நின்று கூலிக்குப் போகிறார்கள். சாமை விளையாத வருடத்தில் கடன் எப்படி நெருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பெற்றோர் பூசை முடிந்ததும் என்னைப் பாருங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்று, தலைமையாசிரியரிடம் பேச நானும் உங்களோடு வருகிறேன்.