லோத்து முதலில் தெரிவு செய்யட்டும்



இன்றைய முதல் வாசகத்தில் வந்த சண்டை, வறுமையில் மூண்ட சண்டை அல்ல. தொடக்கநூல் 13ஆம் அதிகாரம். ஆபிராமுக்கும் ஆடுமாடு பெருகிவிட்டது, அவருடைய பெறாமகன் லோத்துக்கும் பெருகிவிட்டது. இரண்டு மந்தைக்கும் அந்த நிலம் போதவில்லை. மேய்ப்பர்கள் மல்லுக்கு நின்றார்கள். கடவுள் கொடுத்த ஆசீர்தான் இடநெருக்கடியாகிப்போனது.

இங்கே ஜேர்மனியில் உங்கள் வளவுகளிலும் இதைப் பார்க்கலாம். மே மாதக் கடைசியில் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்த ஐரிஸைச் சொல்கிறேன். மூன்று நாலு வருடம் தொடாமல் விட்ட பற்றையில் கிழங்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இலை மண்டும், பூ குறையும், நடுப்பகுதி மொட்டையாகும். ஐரிஸில் ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். அதன்பின் பக்கத்தில் விடுகிற பிள்ளைக் கிழங்குகள்தான் பூக்கவேண்டும். அவற்றுக்கு வெயிலும் இடமும் கிடைக்காவிட்டால் வரும் வருடம் வெறும் இலைதான்.

பிரித்து நட வேண்டியதுதான். ஆனால் கோபம் வந்த நாளில் பிரிக்கக்கூடாது. அதற்கென்று காலம் உண்டு. பூ முடிந்து ஆறு எட்டு வாரம் பொறுக்கவேண்டும், அதாவது யூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் வரை. செப்டெம்பர் தாண்டினால் குளிருக்கு முன் வேர் பிடிக்காது. மண்வெட்டியைச் சற்றுத் தள்ளி இறக்கிப் பற்றையை முழுதாகக் கிளப்பி, மண்ணை உதறுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஒரு கிழங்கின் அழுகல் கத்தி வழியாக மற்றதற்குத் தொற்றும். குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது பழைய மனத்தாங்கலைத் துடைக்காத நாக்கோடு பேசப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தனிக்குடித்தனம் என்றாலே எங்கள் வீடுகளில் மூக்கைச் சிந்துகிறார்கள். மகன் கலியாணம் கட்டி இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தால் மருமகள் பிரித்துவிட்டாள் என்கிறோம். இடம் போதாத அளவுக்கு எங்கள் வீட்டில் பிள்ளைகள் பெருகியதும் நாங்கள் செபித்துக் கேட்ட வரம்தானே?

பூத்து முடிந்த நடுக்கிழங்கு என்னாகும் என்று வயதானவர்கள் கேட்பீர்கள். தோட்டக்காரர் அதை எறிந்துவிடுவார், உண்மை. ஆனால் இத்தாலியில் புளோரன்ஸ் பக்கம் இதே குடும்பத்து ஐரிஸ் கிழங்கைத் தோல் சீவி மூன்று வருடம்போலக் காயவைக்கிறார்கள். பச்சைக் கிழங்கில் இல்லாத வாசனை காய்ந்து கிடந்த பிறகுதான் ஊறி வருகிறது. விலையுயர்ந்த வாசனைத் திரவியங்களில் அது சேர்கிறது. தோட்டக்காரர் கண்ணுக்குத் தேவையில்லாதது வேறொருவர் கையில் பொன்.

ஆபிராமைப் பாருங்கள். வயதில் மூத்தவர், வாக்குறுதி பெற்றவர், முதலில் தெரிவு செய்யும் உரிமை அவருடையது. அவரோ நீ இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போகிறேன் என்கிறார். லோத்து நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியை எடுத்துக்கொள்கிறான். ஆபிராம் முகம் சுளித்ததாக விவிலியம் சொல்லவில்லை. பிறர் எங்களுக்குச் செய்யவேண்டும் என்று விரும்புவதை நாங்கள் பிறருக்குச் செய்யவேண்டும் என்று இன்றைய நற்செய்தி கேட்கிறது. ஆபிராம் அதைக் காணி விஷயத்தில் செய்து காட்டியிருக்கிறார். காணிச் சண்டையில் ஊர் ஊராகக் கோடு ஏறிய சனம் நாங்கள். இது சின்ன விஷயம் இல்லை.

பிரித்த கிழங்கை ஆழப் புதைக்காதீர்கள். இலையை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, வேர் மட்டும் மண்ணுக்குள் இறங்க, கிழங்கின் முதுகு வெயில் காய நடவேண்டும். ஒன்றுக்கொன்று ஓர் அடிக்கு மேல் இடைவெளி விடுங்கள். முதல் வருடம் பூக்காமலும் போகலாம். ஐயோ என்று தண்ணீரை அள்ளி ஊற்றினால் அழுகிவிடும். அம்மாமார் இரவுக்கு இரவு கோல் எடுத்து என்ன கறி வைத்தாய் என்று மருமகளைக் கேட்பதும் அந்தத் தண்ணீர்தான்.

அதற்காகக் கைவிடச் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில் லோத்து சிறைபிடிக்கப்பட்டதும் ஆபிராம் தம் ஆள்கள் 318 பேரோடு இரவில் போய் மீட்டுவருகிறார். அதுவரை அவன் கூடாரத்துக்குள் அவர் எட்டிப் பார்த்ததாக இல்லை.

யூலை மூன்றாம் சனிக்கிழமை கோவில் வளவு ஐரிஸைக் கிளப்பப்போகிறோம். வேண்டியவர்கள் பையோடு வாருங்கள். நல்ல கிழங்குகளை நீங்கள் எடுங்கள். மிஞ்சியதைக் கோவிலுக்கு நடுவோம்.