இடுப்பு வண்டி

"அப்பா, ஒத்தை சீட்டா, ரெட்டை சீட்டா? சீக்கிரம் சொல்லுங்க, ஆஃபர் முடியப் போகுது."

சென்னையிலிருந்து மகள் போனில் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பஸ் டிக்கெட்தான். விஷயம் அது இல்லை. குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. ஸ்ட்ரோலர் என்கிறார்கள்.

பேத்திக்கு மூன்று வயது. பேரனுக்கு நாலு மாதம். வீட்டில் இருப்பதோ ஒரு ஆள் வண்டி. பேரனை அதில் படுக்கவைத்தால், "அது என் வண்டி" என்று பேத்தி தரையில் புரண்டு அழுகிறாள். பேத்தியை உட்காரவைத்தால் பேரனை யாராவது சுமக்க வேண்டும். குடும்பம் பெரிசாகிவிட்டது, வண்டி பெரிசாகவில்லை.

மாப்பிள்ளை ஒரு அட்டவணையே போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை என்றால் அகலம் இரண்டரை அடி. எல்லா வாசலிலும் நுழையாது. முன்னும் பின்னுமாக என்றால் நீளம். பின்னால் இருக்கிற பிள்ளை போகிற வழியெல்லாம் முன்னால் இருக்கிற பிள்ளையின் முதுகைத்தான் பார்க்கும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. வண்டி ஒற்றைதான். பின்னால் சக்கரம் வைத்த சின்னப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். மூத்த பிள்ளை இஷ்டப்பட்டால் அதில் நின்றுகொண்டு வரும், இல்லாவிட்டால் இறங்கி நடக்கும்.

மேலகரத்தில் இருக்கும் என் அக்காவிடம் இதைச் சொன்னேன். "தள்ளுவண்டியா? எதுக்குல, கடலை விக்கவா?" என்றாள்.

இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1733ல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்பவர் சிப்பி வடிவத்தில் ஒரு குட்டி வண்டி செய்துகொடுத்தார். அதைத் தள்ளுவதற்குக் கைப்பிடி கிடையாது. ஆட்டையோ குட்டிக் குதிரையையோ பூட்டி இழுக்கவிட வேண்டும். பிரபு வீட்டில் பிள்ளையைச் சுமக்க ஒரு பிராணி இருந்தது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் பார்க்கிற, குடை மாதிரி மடங்குகிற வண்டிக்குக் காரணம் ஓவன் மெக்லாரன் என்ற ஒரு தாத்தா. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். ஊருக்கு வந்த மகள் கனமான வண்டியோடு படுகிற பாட்டைப் பார்த்தார். அலுமினியக் குழாயை வளைத்து, மூன்று கிலோவுக்குள் அடங்குகிற ஒரு வண்டியை உருவாக்கி, 1965ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அந்தத் தாத்தா மகளுக்கு வண்டி செய்துகொடுத்தார். இந்தத் தாத்தா என்ன செய்தேன்? பிரசங்கம் செய்தேன்.

"நாங்கள்லாம் வண்டியிலயா வளர்ந்தோம்? எங்க வீட்ல நாலு பிள்ளைங்க. ஒரு வண்டி கிடையாது. நல்லாத்தானே இருக்கோம்?"

மகள் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

ஆடிச் சாரலுக்கு எல்லோரும் ஊருக்கு வந்தார்கள். அக்காவையும் அழைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். சீசன் கூட்டம். இரண்டு பக்கமும் ரம்புட்டான், மங்குஸ்தான், சிப்ஸ் கடைகள். தரையெல்லாம் ஈரம். பத்தடி போவதற்குள் வண்டியின் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பேரனை மகள் தூக்கிக்கொண்டாள். வண்டியை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டார். மனிதரைச் சுமக்க வந்த வண்டியை மனிதர் சுமந்துகொண்டு நடந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று என் பிரசங்கத்தின் இரண்டாம் பாகத்தை ஆரம்பித்தேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் குளிக்கிற பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறுமி நின்றிருந்தாள். எட்டு, ஒன்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு தம்பி. அவன் கனத்துக்கு அவள் உடம்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. இன்னொரு கையில் சோப்பும் துண்டும் வைத்த பை. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் அருவிக்குள் இருந்தார்கள். அவள் அருவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அக்கா பக்கத்தில் போய், "நீ குளிக்கலையா பிள்ள?" என்றாள்.

"தம்பி இருக்கான்லா."

"எங்கிட்ட குடு. நீ ஓடிப் போய்க் குளிச்சிட்டு வா."

அந்தப் பெண் தன் அம்மா நின்ற திசையைப் பார்த்தாள். தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

திரும்பி வந்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டி இல்லாம வளந்தோம், வண்டி இல்லாம வளந்தோம்னு பெருமையா சொல்லுதியே. நம்ம வீட்ல வண்டி இல்லன்னு எவன் சொன்னான்? நாந்தாம்ல வண்டி."

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். அருவிச் சத்தத்திலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் பிறந்தது 1963ல். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் பகுதியில் ஏராளமான வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் பீடித் தொழில். அம்மாவின் மடியில் எந்நேரமும் தட்டு இருக்கும். இலை, தூள், நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பிள்ளை அழுகிறதே என்று எழுந்தால் எண்ணிக்கை குறையும். அம்மாவின் மடி தட்டுக்குப் போய்விட்டதால் நான் அக்காவின் இடுப்புக்குப் போனேன். நான் இறங்கியதும் தங்கை ஏறினாள். அவள் இறங்கியதும் இன்னொரு தங்கை.

அக்கா நாலாம் வகுப்போடு நின்றுவிட்டாள். 'நின்றுவிட்டாள்' என்றுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறோம். 'நிறுத்தினோம்' என்று யாரும் சொன்னதில்லை.

காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது 1956ல். ஆக, அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு இருந்தது. தம்பியை இறக்கிவைக்கத்தான் இடம் இல்லை. சில நாள் என்னையும் தூக்கிக்கொண்டே வகுப்புக்குப் போயிருக்கிறாள். நான் அழுதிருக்கிறேன். "அவனை வீட்ல விட்டுட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் விட முடிந்தால் அவள் ஏன் தூக்கிக்கொண்டு போகிறாள்? தம்பி தங்கைகளை இறக்கிவைக்க அங்கன்வாடி என்று ஓர் இடம் வந்தது 1975ல் தொடங்கிய திட்டத்தால். 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கும் சேர்த்தே சோறு போட்டது. ஊர் கூடித் தள்ளிய வண்டி என்று அதைத்தான் சொல்வேன். எத்தனையோ அக்காமார்களை அது வகுப்பறையில் உட்காரவைத்தது. என் அக்காவுக்கு மட்டும் அது ரொம்பத் தாமதமாக வந்துசேர்ந்தது.

"பாசத்துலதானே தூக்குனா? இதுக்குப் போய்க் கணக்கு பாக்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். பாசம்தான், சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்தால் எனக்குக் கிடைத்ததும் நிறைய. 2008ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் ஸீடிக் ஓர் ஆய்வை வெளியிட்டார். வெளியே பார்த்து உட்காருகிற குழந்தையோடு பேசுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், தங்கள் முகத்தைப் பார்த்து உட்காருகிற குழந்தையோடு பெற்றோர் பேசுகிறார்களாம். என் அக்காவின் முகம் எனக்கு அரையடி தூரத்தில் இருந்தது. நான் பேசக் கற்றது அவள் இடுப்பில்தான். லாபம் என் பெயரில், செலவு அவள் பெயரில்.

பிரியப்பட்டுச் சுமப்பது வேறு. வேறு ஆள் இல்லாததால் சுமப்பது வேறு. சிக்கல் என்னவென்றால், வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே இடுப்பு, அதே தம்பி. எது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்பது. எட்டு வயதுப் பெண்ணிடம் அதை யார் கேட்கிறார்கள்? பிரபு வீட்டில் ஆட்டிடம் கேட்காதது போலத்தான், நம் வீடுகளிலும் மூத்த பெண்ணிடம் கேட்டதில்லை. கேட்காமலே எடுத்துக்கொண்டு, பிற்பாடு அதற்குத் 'தியாகம்' என்று ஒரு பெயரும் வைத்துவிடுகிறோம். 'அந்தக் காலத்தில் எதுவுமே தேவைப்படவில்லை' என்று யாராவது பெருமைப்பட்டால், அந்தத் தேவை யார் தலையில் விடிந்தது என்று விசாரிக்க வேண்டும். நான் அறுபது வருஷமாக விசாரிக்கவில்லை.

அன்று ராத்திரி வண்டி விஷயம் மறுபடியும் பேச்சுக்கு வந்தது. இந்த முறை அக்காதான் தீர்ப்பு சொன்னாள். "வாங்குங்க. நல்லதா வாங்குங்க. பலகை உள்ளதே இருக்கட்டும். ஆனா 'நீ பெரிய பிள்ளையாயிட்ட, தம்பியப் பாத்துக்கோ'ன்னு மட்டும் இவகிட்ட சொல்லாதீங்க. இவளா வந்து கேட்டா, தள்ளக் குடுங்க."

மூன்று வயதில் பெரிய பிள்ளை ஆகிவிடாமல் இருக்கும் உரிமை. மாப்பிள்ளையின் அட்டவணையில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

மறுநாள் சாயந்திரம் தென்காசி கோயிலுக்குப் போனோம். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய கோயில். அங்கே அவன் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, அதை யார் சரிசெய்து காப்பாற்றினாலும், அவர்களை உலகம் அறிய வணங்குகிறேன் என்கிறான். இடிந்துகிடந்த ராஜகோபுரம் 1990ல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தபோது, அதில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கும்பிடு போய்ச் சேர்ந்திருக்கும். தனக்குப் பின்னால் சுமக்கப் போகிற, முகம் தெரியாதவர்களைக்கூட அந்த ராஜா கும்பிட்டான். என்னைச் சுமந்தவள் என் பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தாள்.

கோபுர வாசலில் வழக்கம்போல ஆளைத் தள்ளுகிற காற்று. வண்டியின் கூரைத்துணி படபடத்தது. உள்ளே பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். நடந்து களைத்த பேத்தி அக்காவுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாள். எழுபது வயது அக்கா குனிந்தாள்.

"வேண்டாம்க்கா, இடுப்பு வலிக்கும்" என்றேன்.

"வலிச்சா வலிக்கட்டும். இது நானா தூக்குதது" என்று சொல்லி, பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.