சூலையாய் வந்தவன்

துன்பம் ஏன் வருகிறது? பௌத்தர் ஆசையைக் காட்டுவர். சமணர் வினையைக் காட்டுவர். நம் சைவ சித்தாந்தமோ, வினையை நுகர்ந்து கழிக்கவும் உயிரைப் பிணித்த மலம் பக்குவப்படவும் சிவன் ஊட்டும் மருந்து என்னும். எல்லாம் அறிவுக்குப் பொருந்துகின்றன. ஆனால் வயிற்றைப் பிசையும் வலியில் துடிப்பவன் தத்துவமா கேட்பான்?

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை வீரட்டானத்தில் ஒரு மாலை, ஓதுவார் நான்காம் திருமுறையின் முதல் பதிகத்தைக் கொல்லிப் பண்ணில் எடுத்தார். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயோடு இங்கே வந்து விழுந்த அப்பர் பாடியது அது. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராய்த் தலைமை பெற்றிருந்தவர், மருந்துக்கும் மந்திரத்துக்கும் அடங்காத வலியோடு இரவில் அக்காளைத் தேடி வந்தார். அக்காள் திலகவதியார் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு சந்நிதியில் நின்று பாடினார். என்ன பாட்டு அது! நான் செய்த கொடுமைகளை அறியேன் என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சில், உமக்கே ஆளான பிறகும் சுடுகிறதே, அடியார் துயர் தீர்ப்பது பெரியவர்கள் கடன் அல்லவா என்று வழக்காடுகிறார். வலி ஏன் என்று ஆராயவில்லை. யாரிடம் முறையிடுவது என்பது தெரிந்துவிட்டது. அப்பனே, உன்னோடு சண்டை போடவும் உரிமை தந்தாயே என்று எண்ணியதும் கண்ணீர் தாரை தாரையாய்க் கொட்டியது. பக்கத்தில் யார் நின்றார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திலகவதியார் சந்நிதிக்குப் போனேன். அங்கேதான் நான் முழுதாய் உடைந்தேன். பெற்றோரை இழந்தவள். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்தவள், தம்பி கதறியதால் அவனுக்காக உயிர் வைத்திருந்தாள். அந்தத் தம்பியும் வேறு நெறிக்குப் போனான். அவளோ திருக்கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை கட்டிக்கொண்டிருந்தாள். தம்பியை மீட்டுத் தர வேண்டினாள். சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். அப்படியானால் தம்பியின் வலிதான் அக்காளின் வேண்டுதலுக்குக் கிடைத்த விடை! சிவசிவா, எவர் துன்பத்துக்குள் எவர் கண்ணீரின் பலனை ஒளித்து வைத்திருக்கிறாயோ!

அப்பருக்குச் சூலை தீர்ந்தது. நாவுக்கரசர் என்ற பட்டம் வந்தது. மூன்று திருமுறைகள் பிறந்தன. அக்காள் இழந்தவர்களோ திரும்பி வரவில்லை. என்னைக் கேட்டால் தம்பியைவிட இவள் பெரியவள் என்பேன். அப்பரே அதை மறுக்கமாட்டார்.

திருவதிகை போகிறவர்கள் அவள் முன் நின்று உங்கள் துயரத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிகம் பத்தே பாட்டு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் விடாதீர்கள்.