பழக்கம் யாருடையது?

நோய்க்குக் காரணம் என்னவென்று கேட்டால், "அவரவர் பழக்கம்" என்று விடையிறுப்பது இன்று எளிதாகிவிட்டது. அவ்விடை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் வினா.

சென்னை மாநகரில் 2001இல் தொடங்கிய நீரிழிவு ஆய்வொன்று, அன்றிருந்த 155 வட்டங்களுள் 46இல், 20 வயது நிரம்பிய 26,001 பேரைக் கணக்கில் கொண்டது. வயது வந்தோரின் பழக்கங்களைக் கணக்கெடுப்பதற்கென உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையோ மூன்று படிகள் கொண்டது. முதற்படியில் புகை, மது, காய்கனி, உடலுழைப்பு பற்றி வினவுவர். அடுத்ததில் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளப்பர். பின்னர் இரத்தத்தைச் சோதிப்பர். நாவின் சாட்சியத்தோடு உடலின் சாட்சியத்தையும் கேட்பது மெச்சத்தக்கதே. விருந்துக்குப் போய்வந்த நம்மவரின் நாவை மட்டும் நம்பினால் கணக்கு என்னாகும் என்பதை வாசக நேயர்கள் அறிவார்கள்!

ஆயினும், "வாரத்தில் எத்தனை நாள் பழம் உண்கிறீர்?" என்ற கேள்விக்கு "ஒரு நாளும் இல்லை" என்பவரின் சொல், தாளில் ஏறியதும் அவருடைய குற்றமாகிவிடுகிறது. பழத்தின் விலைக்கு அத்தாளில் இடமில்லை. நகரத்தில் காரணங்கள் பல பின்னிக் கிடப்பதால் இது கண்ணுக்குப் புலப்படுவதில்லை, கொல்லிமலையில் புலப்படும்.

நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் அம்மலையில், மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து உண்டு வந்தனர். பின்னர் மரவள்ளி பரவியது. சமவெளியின் சவ்வரிசி ஆலைகள் அதற்குக் காசு தந்தன. நியாயவிலைக் கடையில் அரிசி மலிந்து, 2011 முதல் விலையின்றியே கிடைக்கலாயிற்று. சாமை வயல்கள் சுருங்கின.

கணக்கெடுப்பவர் அங்குச் சென்றால், "சிறுதானியம் உண்ணும் பழக்கம் குறைந்தது" என்று எழுதுவார். எழுத்தில் பிழையில்லை. ஆனால் சாமையின் உமி கடினமானது. அதை உரலிலிட்டு இடித்துப் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் வேலை. காட்டுவேலை முடித்து வந்து அதையும் செய்தவள், உமி நீங்கிய அரிசி கைக்கெட்டியபோது உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இதைக் குற்றமென்பார் ஒரு நாழிகை அவ்வுலக்கையைப் பிடித்துப் பார்க்கட்டும். அம்மலையில் 1990களிலிருந்து பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அறிவுரையோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் அமைத்தது. அதுவன்றோ அறிவுடைய செயல்!

பழக்கத்தை அரபியில் 'ஆதத்' என்பர். 'திரும்ப வருதல்' என்னும் வேரில் பிறந்த சொல். மனிதன் நடந்த தடத்திற்கே திரும்புகிறான். தடத்தை வெட்டியவர் பலவேளை வேறொருவராக இருக்கிறார்.

இதனால் எவருக்கும் பொறுப்பே இல்லை என்று யாம் கூறவில்லை. பீடியைப் பற்றவைக்கும் கை அவன் கைதான். மருத்துவர் தடுத்த பின்னும் தேநீரில் சர்க்கரையைக் கூட்டச் சொல்பவர், சாட்சிக்கு எந்த உலக்கையையும் அழைக்க இயலாது. வேறு வழி இருந்தும் மறுத்தாரா, வழியே அற்றவரா என்பதுதான் பிரித்தறிய வேண்டியது; கணக்குத்தாள் அதைப் பிரித்துக் காட்டாது.

நம் இல்லங்களுக்கே அத்தாள் வருவதாகக் கொள்வோம். "நடைப்பயிற்சி உண்டா?" என்ற கேள்விக்கு வீட்டம்மா "இல்லை" என்கிறார். விடியுமுன் அடுப்படியில் புகுந்தவர்; தனியே தெருவில் நடந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வீட்டாரால் தடுக்கப்பட்டவர். அந்த "இல்லை" யாருடைய விடை? பக்கத்தில் அமர்ந்திருக்கும் கணவர், நாள்தோறும் கடற்கரையில் தாம் நடக்கும் நடையை, "ஆம்" என்று மகிழ்வோடு குறிக்கச் சொல்கிறார்.