வாசற்படியில் ஓர் அர்ச்சியசிஷ்டவர்



ஒரு காலத்தில் நமது வியாசர்பாடியிலிருந்து அநேகர் பின்னி ஆலைக்கு வேலைக்குப் போனார்கள். அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஆஸ்பத்திரி வாசலிலும், ஆபீஸ் வாசலிலும் செக்யூரிட்டி உடுப்போடு நிற்கிறார்கள். வருகிறவரை வரவேற்பதும் அவர்கள் வேலை. வரக்கூடாதவரைத் தடுப்பதும் அவர்கள் வேலை. "வாட்ச்மேன் வேலைதானே" என்று சிலர் இளப்பமாய்ப் பேசுகிறார்கள். திருச்சபை அப்படி எண்ணவில்லை.

ஸ்பெயின் தேசத்துச் செகோவியா நகரில் துணி வியாபாரியாயிருந்தவர் அர்ச். அல்போன்ஸ் ரொட்ரீகஸ். மனைவி மக்களைச் சாவு கொண்டுபோயிற்று, வியாபாரமும் நொடித்தது. 1571-ல், ஏறக்குறைய நாற்பது வயதில், சேசு சபையில் சகோதரராகச் சேர்ந்தார். மயோர்க்கா தீவிலுள்ள கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது வாசற்காவல். விருந்தாளியை அழைப்பது, தேடி வந்தவருக்கு ஆளைக் கூப்பிட்டு விடுவது, ஏழைக்கு உதவுவது, இவையே அவர் வேலை. மணி அடித்தால், வெளியே நிற்பவர் ஆண்டவரே என்றெண்ணி, "இதோ வருகிறேன், ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டு போவாராம். 1605-ல் அங்கே படிக்க வந்த பேதுரு கிளாவர் என்ற வாலிபரை அமெரிக்காவுக்குப் போகத் தூண்டியவர் இந்த வாசற்காவலரே. கிளாவர் கார்த்தஹேனா துறைமுகத்தில் ஆப்பிரிக்க அடிமைகளுக்கு ஊழியம் செய்தார். 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1888-ல் இருவருக்கும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

வாசலில் நிற்பவனுக்கு ஒரு சோதனை உண்டு. காரில் வருகிறவனுக்குச் சலாம். கந்தையோடு வருகிறவனுக்கு அதட்டல். பொன் மோதிரக்காரனுக்கு ஆசனமும் ஏழைக்குத் தரையும் காட்டுகிறவர்களை அர்ச். யாகப்பர் தமது நிருபத்தில் கண்டிக்கிறார். காவல் வேண்டியதே. யாரைப் பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். நோட்டில் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஆனால் இருவரிடமும் ஒரே கேள்வி, ஒரே குரல் இருக்கட்டும்.

வாசலைக் கடந்து போகிற நமக்கும் கடமை உண்டு. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலையாட்கள் உட்கார ஆசனம் தரவேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது நமக்கெல்லாம் வெட்கம் அல்லவா? நாள்தோறும் நமக்குக் கதவு திறப்பவரின் பெயரையாவது கேட்டறிவோம். ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்போம். ஞாயிறு டியூட்டி பார்ப்பவர்களே, சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் உங்கள் ஞாயிறு கடன் நிறைவேறும். அதைத் தவற விடாதேயுங்கள்.

நாமெல்லாரும் ஒருநாள் மோட்ச வாசலில் நிற்போம். நம் வாசலுக்கு வந்த ஏழைகள் அங்கே நமக்காகப் பரிந்து பேசும்படி இன்றே நடந்துகொள்வோமாக. ஆமென்.